ரெண்டு மணி நாப்பது நிமிஷம்

ஏனுங்கக்கா, இந்த எதுத்த சீட்டுக்கு ஆள் வருதுங்களா? வரலீங்களா? அப்ப உக்காந்துக்கறேனுங்க. பையை மேல போடலீங்க, மடியிலயே இருக்கட்டும். உள்ள ஒரு சால்வை இருக்குது, பொட்டியோட. மேல போட்டா எவனாவது அது மேல மூட்டையைத் தூக்கி வெச்சு நசுக்கிப்போடுவான்.

நீங்களும் குளித்தலைங்களா? நல்லதாப் போச்சுங்க. நானும் அங்கதான். எனக்குப் புது ஊரு, ஒருத்தரும் பழக்கமில்லை. திருப்பூர்ல இருந்து கரூர் வரைக்கும் பஸ்ஸுல வந்தேன். அந்தப் பஸ்ஸே குளித்தலை போகுதே, எதுக்கு எறங்கி ரயிலேறினேன்னு கேப்பீங்க. இந்த வண்டியிலதான் போகணும்னு ஒரு ஆசைங்க. ஏன்னு அப்பறம் சொல்றேன்.

அட, உங்க போனு செவப்பு காட்டுதே. குடுங்க, என்ற பவர் பேங்க்ல சொருகறேன். எறங்கறதுக்குள்ள பாதி ஏறிரும். இதுல என்னங்க சங்கடம்? மனுசனுக்கு மனுசன் இதுகூடச் செய்யலீன்னா எப்படி? இந்தா, பைக்குள்ளயே பத்திரமா வெச்சுட்டேன்.

என் பேரு பூபதிங்க. பனியன் கம்பெனியில செக்கிங் செக்‌ஷன்ல பதினோரு வருசம். துணி மேசைக்கு வந்தா லைட்டுக்கடியில விரிச்சுப் பாப்பேன். ஒரு ஊசி ஓட்டை, ஒரு எண்ணெய்க் கறை, ஒரு தையல் விட்டுப்போனது, எது இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அந்த எடத்துல செவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒண்ணு ஒட்டி அக்கட்டால போட்டுருவேன். தைச்சது யாருன்னு பாக்கறதில்லை. சொந்த அத்தை மக தைச்சாலும் ஸ்டிக்கர்தான். அப்படி ஒரு கை எனக்கு. அதையேதான் சேனல்லயும் செஞ்சுட்டிருக்கேன்.

வீடியோ கேம் சேனலுங்க. "நடுநிலை"ன்னு பேரு. அட, சிரிக்காதீங்கக்கா. ஏதோ கொழந்தைங்க சமாச்சாரம்னு நெனைச்சுட்டீங்க. சினிமா வந்தா விமர்சனம் எழுதறாங்கல்ல, அதே மாதிரி கேமுக்கும் எழுதறாங்க. பத்துக்கு இத்தனைன்னு மார்க்கு போடுவாங்க. அந்த மார்க்கைப் பாத்துத்தான் பசங்க வாங்கறதும் விடறதும். அப்ப அந்த மார்க்கு போடறவங்க யோக்கியமா இருக்கணுமா வேண்டாமா? உங்களையே கேக்கறேன். நீங்க கருவூலத்துலதானே வேலை? கழுத்துல அட்டை தொங்குச்சே, பாத்தேன். தெரிஞ்சவன் கொண்டாந்தான்னு ஒரு பில்லைக் கண்ணை மூடிட்டு பாஸ் பண்ணிருவீங்களா? மாட்டீங்கல்ல. என்ற கேள்வியும் அவ்வளவுதானுங்க.

மேகலான்னு ஒரு புள்ள. தமிழ்ல கேம் விமர்சனம் எழுதறவங்கள்ல அதுக்குத்தான் பேரு. எழுதறதோட வீடியோவும் போடும். நல்லாத்தான் பேசும், நான் மறைக்க மாட்டேன். அதுக்கு மொதல் ரசிகனே நான்தானுங்க. ஆரம்பத்துல முப்பது பேர்தான் பாப்பாங்க, அந்த முப்பதுல நான் ஒருத்தன். ஒண்ணு விடாம "அருமை சகோ"ன்னு கமெண்ட் போடுவேன், அதுவும் ஒரு ஹார்ட்டு போட்டுரும். நான் சேனல் ஆரம்பிச்சப்ப அதுக்கு மெசேஜ் அனுப்பினேன், என்ற சேனலைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்க சகோன்னு. பாத்துருச்சு. நீல டிக்கு விழுந்துருச்சு. பதில் இல்லை. மறுக்கா அனுப்பினேன். மொத்தம் ஒம்போது தடவை. சரி, பெரிய ஆளாயிட்டாங்கன்னு கம்முனு விட்டுட்டேன். அதையெல்லாம் மனசுல வெச்சுக்கற ஆளு நானில்லீங்க. மார்ச் பதினாலு, ஏப்ரல் ரெண்டு, ஏப்ரல் பத்தொம்போது... தேதி சும்மா ஞாபகத்துல நிக்குது, அவ்வளவுதான்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். போன ஆடி மாசம் "உப்பளம்"னு ஒரு கேம் வந்துச்சு. தூத்துக்குடிக்காரன், கிளமெண்ட்டுன்னு பேரு, ஒத்தை ஆளா உக்காந்து பண்ணினது. துப்பாக்கி கெடையாது, சண்டை கெடையாது. ஒரு பொம்பளைப் புள்ள வெயில்ல உப்பு வாரும். கால் வெடிக்கும். தண்ணி கேக்கும். நாம தண்ணி கொண்டு போய்க் குடுக்கணும். அதான் கேமாம்! அதுக்கு இந்த மேகலா பத்துக்கு ஒம்போது போடுது. அதே மாசம், நாங்கெல்லாம் ரெண்டு வருசமாக் காத்துக் கெடந்த சண்டை கேமுக்கு அஞ்சு. அஞ்சுங்கக்கா! வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க.

ஏன் இப்படின்னு நோண்ட ஆரம்பிச்சேன். மூணே நாளு. ரெண்டு பேரும் ஒரே காலேஜ். ஏதோ விழாவுல ஒரே மேசையில உக்காந்து பிரியாணி தின்னுட்டிருக்கற போட்டோ கெடைச்சுது. அதுகூடப் பரவாயில்லை, அடுத்ததுதான் பெருசு. கேம் வாங்கி ஆடறோம்னா ஒவ்வொருத்தனுக்கும் நெட்டுல ஒரு பக்கம் இருக்கும். எந்த கேமை எத்தனை மணி நேரம் ஆடினோம்னு அதுல நிக்கும், யாரு வேணும்னாலும் பாத்துக்கலாம். மேகலா பக்கத்தைத் தொறந்து பாக்கறேன். உப்பளம், ரெண்டு மணி நாப்பது நிமிஷம். அந்த கேமை முழுசா முடிக்கப் பதினாலு மணி நேரம் ஆகும்னு அதைப் பண்ணினவனே போட்டிருக்கான்! வெறும் ரெண்டு மணி நாப்பது நிமிஷம் ஆடிட்டு ஒம்போது மார்க்கு. கெடைச்சுது பாருங்க ஓட்டை. லைட்டுக்கடியில பளிச்சுனு.

அந்த நம்பர் மேல ஒரு செவப்பு அம்புக்குறி போட்டேன். வீடியோவே அவ்வளவுதான். முன்னூத்திச் சொச்சம் பேர் இருந்த சேனலுங்க, ஒரே வாரத்துல நாப்பதாயிரம். எங்க பாத்தாலும் "ரெண்டு நாப்பது, ரெண்டு நாப்பது"ன்னு இதே பேச்சு. பசங்க டீ சர்ட்டே அடிச்சுட்டாங்க. நெஞ்சுல பெருசா ரெண்டு நாப்பது, அதுக்கு மேல என்ற அம்புக்குறி. பதினோரு வருசம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன், ஒருத்தன் என் பேரைக் கேட்டதில்லை. இப்ப டீக்கடையில நிக்கறப்ப "அண்ணா, நீங்க நடுநிலைதானே"ன்னு வந்து கை குடுக்கறான். கண்ணு கலங்கிருச்சுங்க எனக்கு.

என்னங்க கேட்டீங்க? நான் அந்த கேமை ஆடினனான்னா? நான் எதுக்குங்க ஆடணும்? கெட்டுப்போன மீனுன்னு மோந்ததுமே தெரிஞ்சப்பறம் அதைக் கொழம்பு வேற வெச்சுப் பாக்கணுங்களா?

எங்க வூட்டுக்காரி ஆடினா. அதையும் சொல்லிர்றேன், எதுக்கு ஒளிவு மறைவு. நான் கம்பெனிக்குப் போயிருக்கறப்ப என்ற கம்ப்யூட்டர்ல உக்காந்து பத்து நாளு ஆடி முடிச்சிருக்கா. நான் வூட்டுக்கு வர்றேன், மூக்கைச் சிந்திட்டு உக்காந்திருக்கா. என்னடீன்னா, "அந்தப் புள்ள போட்ட மார்க்கு சரிதானுங்க, பாவம், அதை விட்டுருங்க"ங்கறா. அவளுக்கு கேமைப் பத்தி என்னங்க தெரியும்? நான் ஒண்ணும் சத்தம் போடலை. பாஸ்வேர்டை மட்டும் மாத்தினேன். ரெண்டு வாரமா அவங்கம்மா வூட்டுல இருக்கா. வந்துருவா.

மாயனூர் தாண்டிருச்சுங்களா? இங்க தண்ணியப் பாத்தா குளுகுளுன்னு இருக்குது.

அந்தப் புள்ள பதில் போட்டுச்சுங்க, போடாமயில்லை. விமர்சனம் எழுதறவங்களுக்கு, கேம் வெளிய வர்றதுக்கு ரெண்டு வாரம் மின்னாடியே தனியா ஒரு காப்பி குடுப்பாங்களாம். அது வேற பக்கத்துல இருக்குமாம், யாரும் பாக்க முடியாதாம். அதுல பதினேழு மணி நேரம் ஆடி முடிச்சதாம். வெளிய வந்தப்பறம் தன் சொந்தக் காசுல ஒண்ணு வாங்கி, வீடியோவுக்குப் படம் பிடிக்கறதுக்காக மறுக்கா கொஞ்சம் ஆடினதுதான் அந்த ரெண்டு நாப்பதாம். காலேஜ் விசயமும் மறைக்கலையாம். விமர்சனத்தோட கடைசிப் பத்தியிலயே "கிளமெண்ட் எனக்குக் கல்லூரியில் சீனியர், அதைத் தெரிந்துகொண்டு படியுங்கள்"னு எழுதியிருக்குதாம்.

எழுதித்தான் இருந்துச்சு. போய்ப் பாத்தேன். ஆனா கடைசிப் பத்தியை யாருங்க படிக்கறா? மார்க்கைப் பாப்போம், மூடுவோம். நான் மட்டுமில்லை, நாப்பதாயிரம் பேரும் அப்படித்தான். மறைக்கணும்னு நெனைக்கறவங்கதான் கடைசியில கொண்டு போய் வெப்பாங்க.

தனிக் காப்பி விசயமும் நெசந்தானுங்க. விசாரிச்சேன். எல்லாருக்கும் அப்படித்தான் குடுக்கறாங்களாம். எனக்கு யாரும் குடுத்ததில்லை, நான் எங்க கண்டேன்? அப்ப அதை ஒரு வீடியோவாப் போட்டிருக்கலாமேங்கறீங்க. ரோசனை பண்ணினேனுங்க. மைக்கை எல்லாம் எடுத்து வெச்சுட்டேன். ஆனா அதுக்குள்ள ரெண்டு லட்சம் பேர் பாத்துட்டாங்களே. அத்தனை பேர் நம்பினதை நான் ஒருத்தன் போயி இல்லைன்னா அவங்களுக்கு எவ்வளவு வெசனமா இருக்கும்? அதோட விசயம் நம்பர் இல்லீங்க. அறம். ஊடக அறம். நம்பர் தப்பாவே இருக்கட்டும், கேள்வி சரிதானே?

நான் யாருகிட்டயும் ஒண்ணும் வாங்கலையான்னு கேக்கறீங்களா? நான் உக்காந்து பேசற சேரு ஒரு கேம் கடைக்காரர் குடுத்ததுதான். அந்தச் சண்டை கேமை எங்க ஊர்ல அவர்தான் விக்கறாரு. அது வேறங்க, நாங்க அண்ணன் தம்பியாட்டம் பழக்கம். அதையும் இதையும் ஒண்ணாச் சேக்கக் கூடாது.

அந்தக் கிளமெண்ட் மேல எங்களுக்கு ஒரு கோவமும் இல்லை. அவன் கேம் பண்ணறான், அது அவன் பொழப்பு. அவனை யாரும் ஒண்ணும் சொன்னதில்லை. மேகலாதான் பதில் சொல்லணும். பொம்பளைங்கறதுக்காக இல்லீங்க. சத்தியமா இல்லை.

வாராவாரம் வியாழக்கிழமை சாயங்காலம் லைவ் போடுவேன். நான் யாரையும் திட்டச் சொன்னதில்லை. ஒவ்வொரு லைவ்லயும் முடிக்கறப்ப "நண்பர்களே, கண்ணியமாக் கேளுங்க"ன்னு சொல்லித்தான் முடிப்பேன். பசங்க சூடா இருக்காங்க, நாலு பேரு நாலு விதமாத்தான் எழுதுவாங்க. ஒருத்தன் அந்தப் புள்ள மொகத்தை வேற ஒடம்புல ஒட்டிப் படம் போட்டான். நான் உடனே எடுக்கச் சொன்னேன். மறுநாள் எடுத்துட்டான். இன்னொருத்தன் தெனமும் காலையில ஆறு மணிக்கு அதுக்கு ஒரு தூக்குக் கயித்துப் படம் அனுப்புவான், காலை வணக்கம்னு போட்டு. ஒரு நாள் கூடத் தவறினதில்லை. என்ன ஆளுன்னே தெரியலை, எங்க குரூப்புலதான் இருக்கான். அந்தப் புள்ள வேலை பாத்த வெப்சைட்டுக்கு எல்லாருமா எழுதினாங்க, அவங்க போயிட்டு வாம்மான்னுட்டாங்க. அப்பறம் சென்னையில ரூமைக் காலி பண்ணிட்டு ஊருக்கே போயிருச்சு. அப்பா இல்லை. அம்மா சத்துணவுல வேலை.

உங்க பொண்ணை இன்னிக்குப் பாக்க வர்றாங்களா? அதானே, அரை நாள் லீவு போட்டுட்டு மல்லியப்பூவோட போறீங்க. வயசு என்னங்க? இருபத்தேழா? அட, மேகலாவுக்கும் இருபத்தேழுதானுங்க.

ஊருக்குப் போனதோட நானும் விட்டிருப்பேன். ஆனா போன மாசம் ஒரு வீடியோ போட்டுச்சு, ஆறு நிமிஷம். செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டு, "நான் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன்"னுச்சு. அழுகலைங்க. அழுதிருந்தாக்கூடச் சரி போகட்டும்னு இருந்திருப்போம். கேமராவை நேராப் பாத்துச் சொல்லுது. என்னையவே பாத்துச் சொல்ற மாதிரி இருந்துச்சு.

அந்த வீடியோவுல நாலாவது நிமிஷத்துல ஒரு ரயில் சத்தம். ரெண்டு ஹார்ன், அப்பறம் தடதடன்னு ஒரு வாய்க்கால் பாலம் மேல போற சத்தம். பின்னால ஜன்னல்ல ஒரு அரிசி மில் வெளம்பரம் பாதி தெரியுது. எங்க பசங்க கில்லாடிங்க. கேமுக்குள்ள ஒரு பாறையோட நெழலை வெச்சே பொதையலைக் கண்டுபிடிக்கறவனுங்க. ரெண்டே நாளுல ஊரு, தெரு, கேட்டு நெறம் எல்லாம் வந்துருச்சு. நீலக் கேட்டு. அந்தச் சத்தம் இந்த வண்டிதானுங்க. நாம உக்காந்திருக்கமே, இதேதான். அந்த ஹார்னை நான் நூறு தடவை கேட்டிருப்பேன். அதான் பஸ்ஸை விட்டுட்டு இதுல ஏறினேன்.

பயந்துக்காதீங்க. சும்மா பேசறதுக்குத்தான் போறேன். வெறுங்கையோடயா போறேன்? சால்வையைக் காட்டறேன் பாருங்க. ஜரிகை எப்படி? தப்புதான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அங்கியே போத்தி, கை குடுத்து, ஒரு போட்டோ. அத்தோட எல்லாம் முடிஞ்சுது. என்ன சொல்லணும்னு அரைப் பக்கம் நானே எழுதிக் கொண்டாந்துட்டேன், அதுக்குச் செரமம் வேண்டாம்னு. படிச்சாப் போதும். சால்வை போத்திட்டா அப்பறம் எவனும் வாயைத் தொறக்கக் கூடாது, நான் பாத்துக்குவேன். படிக்கலைன்னாவா? படிக்கும். படிக்காம எங்க போயிரும்?

கரூர்ல இருந்து நாலு பசங்க பைக்குல வர்றாங்க. லைவ் போடணுமில்ல. நான் வந்துதான் ஆரம்பிக்கணும்னு கண்டிசனாச் சொல்லியிருக்கேன். அவங்கம்மா மூணரைக்குத்தான் வருவாங்க, அதுக்குள்ள முடிச்சுரலாம். வயசானவங்களை எதுக்கு வெசனப்படுத்தறது?

ஒரே ஒரு சிக்கலுங்க. அந்தப் புள்ள கதவு தொறக்கறதில்லை. ஆம்பளைக் குரலு கேட்டா உள்ள மூச்சே வராது. போன வாரம் எங்க பையன் ஒருத்தன் கொரியர்னு சொல்லிட்டு முக்கால் மணி நேரம் நின்னிருக்கான். ஜன்னல் திரை மட்டும் ஆடுச்சாம். ஆனா பக்கத்து வூட்டம்மா கூப்பிட்டா ஒடனே தொறக்குதாம். அதான், உங்ககிட்ட ஒரு சின்ன உதவி.

கரூர்ல நீங்க குளித்தலைக்கு டிக்கெட் கேட்டப்ப உங்க பின்னாடியே நான் நின்னேன். குரலைக் கேட்டதும் மனசுக்குப் பட்டுருச்சு, இந்தக்கா கூப்பிட்டா யாரும் தொறப்பாங்கன்னு. உங்களைப் பாத்துட்டேதான் இந்தப் பொட்டியில ஏறினேன். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். கதவுகிட்ட நின்னு "மேகலா, கொஞ்சம் தொறம்மா"ன்னு ஒரே ஒரு தடவை. தொறந்ததும் நீங்க உங்க பாட்டுக்குப் போயிரலாம். வூட்டுக்கு ஒறம்பரை வர்ற நாளு, உங்களை எதுக்கு நான் நிறுத்தி வெக்கப் போறேன்?

போனா? இருக்கட்டுங்கக்கா, இப்பத்தான் ஏறுது. எறங்கினதும் குடுக்கறேன். அந்த வூட்டுக்குப் போயிட்டு வந்ததும் குடுக்கறேன்னு வெச்சுக்குங்களேன். உங்க பையையும் நானே தூக்கிட்டு வர்றேன், நீங்க முன்னால நடந்தாப் போதும்.

ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்க? லாலாப்பேட்டையில இருந்து கம்முனே வர்றீங்க. சரி, கம்முனு இருந்தா சரின்னுதானே அர்த்தம்?

இதோ, வந்துருச்சுங்க. எந்திரிங்க. ஒரு நிமிஷந்தான் நிக்கும்.

ஏனுங்க, உக்காந்தே இருக்கீங்க? குளித்தலைங்க. உங்க ஊரு. பொண்ணு காத்துட்டிருக்கும்ல? சரிங்க, நீங்க வரலைன்னா விடுங்க, பிளாட்பாரத்துல வேற யாராச்சும் ஒரு அக்கா... என்ற பையை விடுங்க. அக்கா, பையை விடுங்கன்னா. போனை எடுத்துக் குடுத்தர்றேன், மொதல்ல விடுங்க. ரெண்டு கையிலயும் இப்படி இறுக்கிப் பிடிச்சா எப்படி? சால்வை கசங்குதுங்க! எல்லாரும் பாக்கறாங்க. ஐயா, நீங்க கொஞ்சம் சொல்லுங்க இந்தம்மாகிட்ட. யோவ், என் கையை எதுக்குய்யா பிடிக்கறே? நான் என்ன திருடனா? என்ன பண்ணிட்டேன் நானு? மரியாதையாப் பேசிட்டு வந்தேன், ஒரு கெட்ட வார்த்தை பேசினனா? கேளுங்க, இந்தம்மாவையே கேளுங்க.

போச்சு. நகந்துருச்சு.

சரி. உக்காந்துட்டேன். பாருங்க, உக்காந்துட்டேன், கையை எடுக்கச் சொல்லுங்க இவரை. இந்தாங்க உங்க போனு. நாப்பத்தொண்ணு ஏறியிருக்குது. என்னத்தைச் சாதிச்சுட்டீங்க? அடுத்தது பேட்டைவாய்த்தலை. எறங்கி பஸ்ஸைப் பிடிச்சா மூணு மணிக்கெல்லாம் அந்தக் கேட்டுகிட்ட நிப்பேன். ஒரு அரை மணி நேரம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். சால்வை போத்தறதுக்கு வழி சொன்னா அதுக்கும் ஆகாது உங்களுக்கு.

இருங்க. என்ற போன்ல இது என்னது?

லைவ் ஆரம்பிச்சுட்டானுங்க. என்ற சேனல்ல! நானில்லாம! கேமரா புடிக்கறவன்கிட்ட பாஸ்வேர்டைக் குடுத்தது தப்பாப் போச்சு. நான் வராம ஆரம்பிக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்.

அந்தப் பக்கம், ஜன்னல்ல பாருங்கக்கா. அரிசி மில் செவுரு. நீலக் கேட்டு. அதேதான், அதேதான்! அய்யோ, நாலு பேருன்னுதானே சொன்னேன்? பைக்கு எத்தனை நிக்குது பாருங்க. இருபது இருக்குமாட்ட இருக்குதே. யாருங்க இவங்கெல்லாம்? ஒருத்தனைக்கூட எனக்குத் தெரியலையே. தாண்டிருச்சு.

பதினெட்டாயிரம் பேர் பாக்கறாங்க. எப்பவும் மூவாயிரம் தாண்டாதுங்க. பதினெட்டாயிரம்! கதவை ஒதைக்கறானுங்க. "ரெண்டு நாப்பது"ன்னு கத்தறானுங்க. கேமரா ஆடுது, சரியாத் தெரியலை. ஒருத்தன் கையில என்னமோ வெச்சிருக்கான். கல்லா அது? இல்லை, கம்பி. டேய். நம்ம டீ சர்ட்டுத்தான் போட்டிருக்கான். டேய், வேண்டாண்டா.

கேமரா புடிக்கறவன் போனை எடுக்க மாட்டேங்கறான். இருங்க, கமெண்ட்ல போடறேன். நான் போட்டாக் கேப்பானுங்க. "நான் பூபதி. நிறுத்துங்கடா. அந்த நம்பர் தப்பு. அவ கேமை முழுசா முடிச்சுட்டா." போட்டுட்டேன். பாருங்க, இப்ப நிறுத்துவானுங்க.

எங்க போச்சு? மேல போயிருச்சுங்க. மறுக்கா போடறேன். கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள நூறு கமெண்ட் வந்து மூடிருது. ஒருத்தன்கூடப் படிக்கலை. "யார்ரா நீ, அவ ஆளா"ன்னு கேக்கறான் ஒருத்தன். என்னைக் கேக்கறான்! எழுத்தெல்லாம் தப்புத் தப்பா விழுதுங்க. நான் இப்படிச் சொல்லலீங்க. சால்வை வெச்சிருக்கேன், பாத்தீங்கல்ல? நீங்க பாத்தீங்கல்ல?

யாருக்குங்க போன் பண்றீங்க? போலீசுக்கா? பண்ணுங்க, பண்ணுங்க. அரிசி மில்லுக்குப் பின்னால தெரு, நீலக் கேட்டுன்னு சொல்லுங்க. சீக்கிரம் சொல்லுங்கக்கா. என்ன, எந்த ஸ்டேஷன்னு கேக்கறாங்களா? ஊர்ப் பேரைச் சொல்லுங்க மொதல்ல!

கேக்குதுங்களா? அந்த ஹார்னு. வெளிய இல்லீங்க, போனுக்குள்ள. ரெண்டு ஹார்னு, அப்பறம் தடதடன்னு. அது நம்ம வண்டிங்க. நாம அந்த வூட்டைத் தாண்டினது. லைவ் ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் வரும். அப்ப இதுல நாம பாக்கறதெல்லாம் அங்க ஏற்கெனவே நடந்து முடிஞ்சது.

யாரோ ஒரு பொம்பளைக் குரலு. "மேகலா, கொஞ்சம் தொறம்மா"ங்குது. எவளையோ கூட்டிட்டு வந்துட்டானுங்க. அதே வார்த்தை. நேத்து குரூப்புல நான்தானுங்க எழுதிப் போட்டேன், இப்படிக் கூப்பிடணும்னு.

அதை மட்டும் எல்லாரும் படிச்சிருக்கானுங்க.

அக்கா, தாப்பாள் எடுக்கற சத்தம் கேக்குதுங்க.